செவிலில் பிடித்து வைத்த இடம்

பதினோரு வருடங்களுக்கு முன்பு, ஸ்பெயினில் செவில் நகரத்து உணவகம் ஒன்றில் என் கணவர் ஒரு நாற்காலியில் கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடித்தார். நான் போய் உட்காரவில்லை. அதனால் போன ஐப்பசியில் அந்த உணவகம் திருச்சி தில்லைநகருக்கு வந்துவிட்டது.

கைக்குட்டை போட்ட இடத்தில் இன்னொருவர் உட்கார முடியாது. இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கணவர் தாயுமானவன் இந்த வித்தையில் கெட்டிக்காரர். சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாக வீசுவார். கைக்குட்டை சீட்டில் இஸ்திரி போட்டதுபோல விரிந்து விழும். கல்யாணப் பந்தி, பள்ளி ஆண்டு விழா, கண் ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் எனக்கு ஓர் இடம் காத்திருக்கும். நான் நிதானமாகச் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டு போய் உட்காருவேன். இருபத்து நான்கு வருடக் குடித்தனத்தில் நான் நின்றபடி பயணம் செய்ததே கிடையாது.

ஸ்பெயினுக்கு ஒரு டூர் கம்பெனியோடு போனோம். பதினான்கு நாளும் நம் சாப்பாடு என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். அம்பி என்று ஒரு சமையல்காரர் ரைஸ் குக்கர்களோடு கூடவே வந்தார். மாட்ரிட் அரண்மனையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தக்காளி சாதம். கார்டோபாவில் தயிர் சாதம். செவிலில் பஸ் நிறுத்துமிடத்தில் புளியோதரை. டூர் மேனேஜர் நாற்பது நிமிடம் கொடுத்தார். நான் என் தட்டோடு மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்திருந்தபோது இவர் வியர்க்க வியர்க்க ஓடி வந்து, சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல கடை இருக்கிறது, இடம் பிடித்து வைத்திருக்கிறேன், வா என்றார். வரும்போதே அந்தக் கடையைப் பார்த்திருந்தேன். வாசலில் பன்றித் தொடை தொங்கியது. நாங்கள் சைவம். வர முடியாது என்றேன். அவர் தனியாகப் போய்விட்டு, விசில் ஊதிய பிறகு வந்தார். என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அவர் இறந்தபோதும் அது சொல்லப்படாமலே இருந்தது.

உணவகத்திலிருந்து வந்த கடிதம் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. மதிய உணவில் ஒரு நாற்காலி மட்டும் முடியவில்லை, ஒரு நாற்காலி முடியாமல் மதிய உணவை முடிக்க வழியில்லை, இரவு உணவு பரிமாறிப் பதினோரு வருடமாகிறது, அம்மா அவர்களுக்கு அலைச்சல் வேண்டாம் என்று நாங்களே வந்திருக்கிறோம், திங்கட்கிழமை விடுமுறை.

பெங்களூரில் இருக்கும் என் மகள் மங்கைக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"ஏழாவது கிராஸா? அங்க பார்க்கிங்கே கிடையாதேம்மா. ஆட்டோலயே போயிடு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை போனேன். நல்ல மழை. ஒரு பல் டாக்டருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் உணவகம் உட்கார்ந்திருந்தது. அதே நீலக் கதவு. அதே தொடை, அதே கொக்கியில். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அதன் மேல் படாமல் உள்ளே போனேன்.

மேனேஜர் பெயர் இக்னாசியோ. அறுபது வயதிருக்கும். என்னிடம் பேச வேண்டும் என்பதற்காகத் தமிழ் படித்திருந்தார்.

"வாங்கம்மா. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"வீட்டில வேலை" என்றேன்.

"ஆமா, சார் சொன்னார். உங்களுக்கு எப்பவும் வேலை இருக்கும்னு."

ஜன்னலோரம் இரண்டு பேர் மேஜை. ஒரு நாற்காலியில் என் கணவரின் கைக்குட்டை, நீலக் கட்டம் போட்டது, நான்கு மூலையும் இழுத்து விடப்பட்டிருந்தது. அந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி நின்றிருந்தாள். கல்யாண மண்டபத்தில் நாம் மோர் ஊற்றிக்கொள்ளும்போதே பின்னால் வந்து நிற்பார்களே, அந்த நிற்பு. பெயர் டோலோரஸ். பதினோரு வருடமாக அடுத்த பந்திக்கு நிற்கிறாள். அவள் கணவரும் மூன்று வருடம் கூட நின்றாராம். முழங்கால் வலி வந்ததும் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"நீங்கதானா அந்தக் கைக்குட்டை?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளும் தமிழ் படித்திருந்தாள். நிற்கிற இடத்திலிருந்தே.

"பக்கத்து மேஜைக்குப் போயிருக்கலாமே?" என்றேன்.

"அங்கயும் ஆள் நிக்கிறாங்க. அதை நம்பி இதை விட்டா ரெண்டும் போச்சு."

அதில் தவறு சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் நிற்பேன்.

எதிர் நாற்காலிக்கு முன் என் கணவரின் தட்டு இருந்தது. பாதி தின்ற ரொட்டி. வரிசையாக அடுக்கி வைத்த ஆலிவ் கொட்டைகள், ஏழு. எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் பிலோமினா டேபிள் மேனர்ஸ் வகுப்பு எடுப்பார். சாப்பிட்டு முடித்தால் கத்தியும் முள்கரண்டியும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும், முடிக்கவில்லை என்றால் கூரைபோலச் சாய்ந்திருக்க வேண்டும். ஸ்பெயின் போவதற்கு முன் இவருக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தேன். மனதில் ஏறவே இல்லை என்று நினைத்திருந்தேன். தட்டில் கத்தியும் முள்கரண்டியும் அளவெடுத்த மாதிரி கூரையாகச் சாய்ந்திருந்தன. அதனால்தான் தட்டை எடுக்கவில்லை.

கைக்குட்டையை எடுத்து உட்காரப் போனேன். குனிந்தவள் நின்றுவிட்டேன்.

"அவர் எங்கே?"

"உங்களைக் கூப்பிடத்தான் போயிருக்கார்" என்றார் இக்னாசியோ. "பின்பக்கமா. நீங்க முன்பக்கமா வந்துட்டீங்க."

"போய் எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பின்பக்கத்துல ஆறு நிமிஷம் இருக்கும்மா."

உணவகத்தைக் கொண்டு வந்தபோது லாரியில் இடம் போதவில்லை. அதனால் முன்பக்கத்தை மட்டும்தான் கொண்டு வந்திருந்தார்கள். பின்பக்கம் அங்கேயே இருந்தது.

நான் கணக்காக யோசித்தேன். உட்கார்ந்துவிட்டால் இடம் என்னுடையது, ஆனால் எதிரே ஆள் இல்லை. அவர் அங்கே என்னைத் தேடிக்கொண்டிருப்பார், நான் இங்கே ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உட்கார்ந்த பிறகு எழுந்து போனால் டோலோரஸ் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்து எழுந்த இடத்துக்குக் கைக்குட்டை செல்லாது. அது பிடிப்பதற்குத்தான், காப்பதற்கில்லை. கைக்குட்டையைத் திரும்பவும் விரித்துப் போட்டேன். நான்கு மூலையையும் அவர் மாதிரியே இழுத்து விட்டேன்.

டோலோரஸ் பெருமூச்சு விட்டாள். "மறுபடியுமா?"

"அஞ்சு நிமிஷம்."

"அவரும் அதைத்தான் சொல்லிட்டுப் போனார்."

சமையலறை வழியாகப் பின் கதவைத் திறந்தேன். மே மாதத்து செவில். மத்தியானம் இரண்டே கால். வெயில் கண்ணைக் குத்தியது. மழையில் நனைந்திருந்த என் சேலை ஓரம் பத்து அடி நடப்பதற்குள் காய்ந்துவிட்டது. சந்தின் இரண்டு பக்கமும் ஆரஞ்சு மரங்கள், அதைத் தாண்டினால் பஸ். பஸ்ஸின் வயிற்றுப் பக்கம் அம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

பஸ் படியில் என் கணவர் நின்றிருந்தார். முதுகுதான் தெரிந்தது. அந்தப் பழுப்புச் சட்டை. அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு ஒரு முதியோர் இல்லத்துக்கும் நான்தான் கொடுத்தேன்.

மூன்றாவது ஜன்னலில் இருந்த பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"பன்னித் தொடைக்குக் கீழ உக்கார வச்சுத்தான் எனக்குச் சோறு போடணுமா? நீங்க போய் என்ன வேணா தின்னுங்க. வயித்தால போச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"அதைச் சாப்பிடவா சொல்றேன்? கீழதானே உக்காரச் சொல்றேன். வல்லி, ஒரு பத்து நிமிஷம். கீரை இருக்கு. கேட்டுட்டேன்."

"வீட்டில இல்லாத கீரையா?"

என் குரல் ஓங்கிய குரல் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். நாற்பத்து நான்கு வயதில் டை அடித்த முடியோடு, புளியோதரைத் தட்டைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏறிப் போய் அவளிடம் பேசலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஐம்பத்தைந்து வருடமாக அவளை எனக்குத் தெரியும். அவளிடம் பேசி ஜெயித்தவர் ஒருவரும் இல்லை.

அவர் இறங்கித் திரும்பினார். என்னைப் பார்த்தார்.

"வந்துட்டியா? கோபம் போச்சா?"

"போச்சு. நடங்க, நேரமாகுது."

"இப்பத்தானே பஸ்ல..."

"அவ வரமாட்டா. நான் வந்திருக்கேன்."

"சரி வா" என்றார். நாலு எட்டு நடந்த பிறகு தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "முடி என்னாச்சு?"

"டை போடறதை விட்டுட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பயணத்தில், மறுநாள் கிரனடா ஹோட்டலில் நான் கண்ணாடி முன்னால் சீவிக்கொண்டிருந்தபோது, காரணமே இல்லாமல், டை போடாமல் விட்டால் உனக்கு நன்றாக இருக்கும் என்றார். எனக்கென்ன கிழவி வேஷமா என்று சீப்பை எறிந்தேன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் அவரைவிட மூன்று வயது மூத்தவளாகியிருந்தேன். சந்தில் அவர்தான் எனக்கு வெயில் படாத பக்கத்தை விட்டுக் கொடுத்து நடந்தார்.

டோலோரஸ் எங்களைப் பார்த்ததும் நாற்காலி முதுகிலிருந்து கையை எடுக்காமலே ஒதுங்கினாள். கைக்குட்டையை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து, கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்துக்கொண்டார், இடையில் ஒன்றும் நடக்காத மாதிரி.

இக்னாசியோ எனக்குப் பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைத்த ஒன்றை மண் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். மேலே ஒரு துண்டு வறுத்த ரொட்டி. வாயில் வைத்தேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் என் கணவர். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"உப்பு பத்தாது."

"ஆனா?"

"சீரகம் போட்டிருக்கான். பரவாயில்லை."

அவர் சந்தோஷமாக ரொட்டியைப் பிய்த்தார். "சொன்னேன்ல? இத்தனை தூரம் வந்துட்டு அம்பி கையாலயே சாப்பிட்டா, நாம திருச்சியிலயேதானே இருக்கோம்? ஒரே ஒரு நாள், நம்மள யாருன்னே தெரியாத கடையில, நீயும் நானும் மட்டும். அவ்வளவுதான் எனக்கு."

"அதை அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே. கீரை இருக்கு, கீரை இருக்குன்னா யார் வருவா?"

"சொல்ல விட்டாத்தானே!"

பின்னாலிருந்து டோலோரஸ், "அதானே" என்றாள்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. மூச்சு என் கழுத்தில படுது."

"பதினோரு வருஷமா நாற்காலி மேலதான் பட்டுது. நாற்காலி ஒண்ணும் சொல்லல."

அவர் சிரித்தார். சிரிக்கும்போது இடது கடைவாயில் அந்த உடைந்த பல் தெரிந்தது. ஆறு வருடமாக நான் அடுப்பு மேடை ஓரத்தில் நின்றுகொண்டு, சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தனி ஆளுக்கு எதற்குத் தட்டு, எதற்கு மேஜை, கழுவுகிற வேலை மிச்சம் என்று மங்கையிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே உட்கார்ந்து, முதுகு நேராக, முழங்கை மேஜையில் படாமல் சாப்பிட்டேன். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தேன். சிஸ்டர் பிலோமினா பார்த்திருந்தால் மணிக்கட்டில் ஸ்கேலால் தட்டியிருப்பார்.

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நெஞ்சு எரிகிறது என்று ஒரு நாள் காலை சொல்வீர்கள், அதற்கு நான் ஜெலுசில் கொடுப்பேன், அதோடு விட்டுவிடாதீர்கள், காரை எடுக்கச் சொல்லுங்கள். நாக்கு நுனி வரை வந்தது. அவர் ஓர் ஆலிவை என் தட்டில் வைத்தார்.

"புளிப்பு, கசப்பு, உப்பு. மூணும். உனக்குப் பிடிக்கும்."

பிடித்தது.

"நெஞ்சு எரிஞ்சா ஜெலுசில் கேட்காதீங்க" என்றேன். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் வேண்டாம்னு சொன்னாலும்."

"நீ சொன்னா நான் எப்ப மீறியிருக்கேன்?" என்றார்.

அதுவும் உண்மைதான்.

"கிளம்பறப்போ கேஸ் மூடினியா?" என்று கேட்டார்.

"மூடிட்டேன்."

"மங்கை படிக்கிறாளா?"

"படிச்சு முடிச்சுட்டா. கல்யாணமும் ஆயிடுச்சு."

"அதுக்குள்ளயா?" என்று தலையை ஆட்டிக்கொண்டார். "மாப்பிள்ளை பேசுவாரா, உன்னை மாதிரியா?"

"உங்களை மாதிரி. வாயைத் திறக்க மாட்டார்."

"பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அப்போது விசில் சத்தம் கேட்டது. டூர் மேனேஜர் சொன்ன நேரத்துக்கு நான்கு நிமிடம் முன்பே ஊதுகிறவர். நம் ஆட்கள் கிளம்ப நான்கு நிமிடம் ஆகும் என்பது அவர் அனுபவம். என் கணவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றேன்.

"அவ தனியா உக்காந்திருக்கா, வல்லி."

"அவளுக்கென்ன? தட்டு நிறையப் புளியோதரை இருக்கு."

"சாப்பிட்டிருக்க மாட்டா. கோபத்தில அப்படியே வச்சிருப்பா."

ஆமாம். அன்றைக்கு அந்தத் தட்டை அப்படியே குப்பைத் தொட்டியில் கொட்டினேன். இதை அவரிடம் சொன்னதில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லலாம்தான். ஆனால் பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தது. அவளும் இறங்குகிறவள் இல்லை.

"கிரனடா வரைக்கும் பேச மாட்டா" என்றேன். "மனசில வச்சுக்காதீங்க. உள்ளுக்குள்ள அழுகை முட்டிக்கிட்டு இருக்கும். அது அவளுக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார்.

கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார். நான் சரிபார்க்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். சரியாக இருந்தது. தலையசைத்தேன். சமையலறை வழியாகப் போனார். ஈ வரும் என்று இக்னாசியோ உடனே கதவைச் சாத்திவிட்டார்.

நானும் என்னுடையதைப் படுக்க வைத்தேன். இரண்டு தட்டையும் எடுத்தார்கள். உள்ளே யாரோ கை தட்டினார்கள். இரவு உணவுக்கு வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது.

"நாலு நிமிஷம் மீந்திருக்கு" என்றார் இக்னாசியோ. "கட்டித் தரட்டுமா?"

"கட்டுங்க. வீணாக்கக் கூடாது."

அலுமினியத் தாள் டப்பாவில் போட்டு, மூடி, ரப்பர் பேண்டு மாட்டிக் கொடுத்தார். கை பொறுக்கிற சூடு. நான் எழுந்ததும் டோலோரஸ் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு முழங்கால் மடங்கியதில் "அப்பாடா" என்றாள். அவள் சாய்வதற்குள் பல் டாக்டரிடம் வந்திருந்த ஒரு குடும்பம் அவள் பின்னால் வந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பால் திரிந்திருந்தது, தயிர் புளித்திருந்தது, வெண்ணெய் உருகி ஓடியிருந்தது. செவில் வெயிலை ஃபிரிட்ஜில் வைத்தது என் தவறுதான். மொட்டைமாடிக்கு எடுத்துப் போய் மூடியைத் திறந்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் வைத்தேன்.

இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. திருச்சியில் பத்து நாளாக மழை விடவில்லை. தில்லைநகர் முழுக்க முழங்கால் தண்ணீர். என் மொட்டைமாடியில் மட்டும் மணி இரண்டு முப்பத்தாறு, நல்ல வெயில். பக்கத்து வீட்டுப் பரிமளம் கூழ் கிளறிக் கொண்டுவந்து, என் மாடியில் துணி விரித்து வடகம் பிழிகிறாள். பின் தெருவிலிருந்து இரண்டு பேர் மல்லி, மிளகாய் கொண்டுவந்து காயப் போடுகிறார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காக்கா விரட்ட ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

சுவருக்கு அந்தப் பக்கம் சந்து தெரிகிறது. அவர் பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார். பழுப்புச் சட்டை முதுகில் வியர்த்திருக்கிறது.

"உங்க வீட்டுக்காரர் எப்பவும் இப்படித்தான் மெதுவா நடப்பாரா அக்கா?" என்று பிழிகிற கையை நிறுத்தாமல் பரிமளம் கேட்டாள்.

"சாப்பிட்ட உடனே அப்படித்தான்" என்றேன்.

நேற்று மூன்றாவது ஆரஞ்சு மரத்தடியில் இருந்தார். இன்றைக்கு நான்காவதுக்குப் பக்கத்தில் ஒரு கால் எடுத்து வைத்திருக்கிறார். வடகத்தை ஒரு முறை திருப்பிப் போட வேண்டும்.